நகை அடகு வச்சு 3 ஏக்கர் மஞ்சள் போடலாமா?

சகோ, ரேட் ஏறினத பாத்து அண்ணன் நகைய வச்சு 3 ஏக்கரும் மஞ்சள் போடலாம்ங்கிறார், உங்களுக்கு தைரியம் வரலன்னு எழுதிருக்கீங்க, அந்த பயம் நியாயம்தான். ஈரோட்ல 2010ல குவிண்டால் 17 ஆயிரம் வரைக்கும் போச்சு, அத பாத்துட்டு எல்லாரும் மஞ்சளே போட்டாங்க, 2012ல 4 ஆயிரத்துக்கு பக்கம் வந்து நின்னுச்சு. மஞ்சளுக்கு அரசு நிர்ணயிக்கிற குறைந்தபட்ச ஆதார விலையும் கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னொன்னு, ரேட் ஏறுன வருஷம் விதைக்கிழங்கும் ஏறிடும், ஏக்கருக்கு 700, 800 கிலோ வேணும்ல, முதல் அடியே அங்கதான்.

நான்னா ஒரு ஏக்கர்தான் போடுவேன், ஊடுபயிரா சின்ன வெங்காயம், அது ரெண்டரை மாசத்துல கைக்கு வந்து கூலி செலவையாவது தாங்கும். நகைய தொடாதீங்க, சிட்டா அடங்கல் (நிலம் யார் பேர்ல, என்ன பயிர்னு காட்டுற ஆவணம்) எடுத்துட்டு மொதல்ல கூட்டுறவு சொசைட்டிக்கு போய் பயிர்க்கடன் கேளுங்க, கெடுவுக்குள்ள கட்டுனா வட்டி இல்ல. தண்ணி தேங்குற வயல்னா மஞ்சளே வேண்டாம், ஐப்பசி மழையில கிழங்கு அழுகிடும் (அப்புறம் எந்த ரேட் இருந்து என்ன பண்றது).

அறுவடை தை, மாசில வரும்போது எல்லார் மஞ்சளும் ஒண்ணா மார்க்கெட்டுக்கு வரும், வேகவச்சு காயவச்சு பாலிஷ் போட்டு குடோன்ல வச்சீங்கன்னா அந்த ரசீத காட்டி பேங்க்ல கடன் வாங்கிக்கலாம், அவசரத்துக்கு விக்க வேண்டியதில்ல. ஒரு நாள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு போய் ஏலத்த நேர்ல பாருங்க, விரலிக்கும் (விரல் மாதிரி நீளமா இருக்கிற மஞ்சள்) கிழங்குக்கும் (குண்டா இருக்கிறது) ரேட்ல எவ்ளோ வித்தியாசம்னு தெரியும். உங்க கிணத்துல சித்திரையில தண்ணி எப்படி நிக்கும், அத சொல்லுங்க மொதல்ல?