வண்டிகள் ஒன்றோடொன்று தகவல் பகிர்ந்தால் புதுச்சேரியில் நெரிசல் குறையுமா?

ஓரளவு குறையும். ரோடு என்னவோ அகலமாகாது!

பாதி வேலையை உங்கள் போன் ஏற்கெனவே செய்கிறது. இந்திரா காந்தி சதுக்கத்தில் வண்டிகள் ஊர்ந்தால், அவற்றில் இருக்கும் போன்களின் வேகத்தை வைத்துத்தான் கூகுள் மேப் அந்த ரோட்டைச் சிவப்பாகக் காட்டுகிறது. இணைந்த வாகனம் இதற்கு ஒரு படி மேல். தன் இடம், வேகம், திசை மூன்றையும் ரேடியோவில் வினாடிக்குச் சுமார் 10 முறை பக்கத்து வண்டிகளுக்குச் சொல்லிக்கொண்டே போகும். நடுவில் லாரி மறைத்தாலும், அதற்கு முன்னால் போகிற பஸ் பிரேக் போட்டது உங்கள் காருக்குத் தெரிந்துவிடும். ஜிப்மருக்குப் போகும் ஆம்புலன்ஸ் வருவதை அறிந்து சிக்னலே பச்சைக்கு மாறலாம்.

2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸிகளில் ஏஐஎஸ் 140 என்ற இந்திய வாகனத் தரப்படி இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். ஆக, தரவு பிறக்கிறது. அது ஏதோ ஒரு சர்வரிலேயே முடங்கினால் யாருக்கு லாபம்? கடலூர் பஸ் அரியாங்குப்பத்தில் மாட்டிக்கொண்டது பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் எனக்குத் தெரிய வேண்டும். பஸ் தகவலைப் பகிர்வதற்கான ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் என்ற பொது வடிவில் வெளியிட்டால் எந்தச் செயலியும் அதைப் படித்துக் காட்டும்.

நம்மூர்ச் சிக்கல் ஸ்கூட்டர்கள்தான். அவற்றில் இந்த ரேடியோ இல்லை. சிக்னல் கேமராதான் எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு காந்தி வீதியில் விரிக்கும் கடைகளை எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்லாது, யாராவது தரவில் ஏற்ற வேண்டும்.

அந்தரங்கம்? பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கினால் மட்டும் போதாது. தினமும் ராத்திரி வண்டி நிற்கும் இடமே உங்கள் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.