இருந்திருந்தால்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். அயர்லாந்து போவதற்காக ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'ஹேட்' (had), 'ஹேவ் ஹேட்', 'ஹேட் ஹேட்', 'யூஸ்ட் டு ஹேவ்' இந்த நான்கும் என்னைப் பாடாய்ப் படுத்துகின்றன. 'ஹேட் ஹேட்' என்பதைப் பார்த்தாலே அச்சுப்பிழை போலத் தோன்றுகிறது. கோச்சிங் சென்டரில் கேட்டால், "அதைத் தொடாதே, மார்க் போய்விடும்" என்கிறார்கள். பன்னிரண்டு காலங்களையும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியும் மண்டையில் ஏறவில்லை. தமிழில் இத்தனை நுட்பம் இல்லாததால்தான் நமக்கு இது வர மறுக்கிறதா? தேர்வு முடியும்வரை தமிழ் படிப்பதையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். பிரிட்டிஷ் வழக்கா, அமெரிக்க வழக்கா, எதைப் பின்பற்றுவது என்றும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

பிரிட்டிஷ், அமெரிக்க விவகாரத்தை விடுங்கள். 'ஹேவ் யூ காட்' என்று கேட்டாலும் 'டு யூ ஹேவ்' என்று கேட்டாலும் நோயாளிக்குப் புரியும். சுவரில் ஒட்டிய அட்டவணையை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள். 'யூஸ்ட் டு ஹேவ்' மிகச் சுலபம்: ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் "தமிழில் இத்தனை நுட்பம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டா சொன்னீர்கள்? யாரோ சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு உங்கள் வார்டில் காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். "கையில் பணம் இருந்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்போம்" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அந்த 'இருந்திருந்தால்' என்ன? இரு, மறுபடியும் இரு. ஒரே வினை இரண்டு தடவை. அது உங்களுக்கு அச்சுப்பிழை போலத் தோன்றியதுண்டா? 'இஃப் வீ ஹேட் ஹேட் மணி' என்பது அதுவேதான். வரிசைதான் தலைகீழ். தமிழில் முதலில் வரும் இரு 'கையில் இருப்பது', அடுத்தது துணைவினை. ஆங்கிலத்தில் துணைவினை முன்னால் வருகிறது, உடைமை பின்னால் வருகிறது. பள்ளிக்கூடம் போகாத கிழவிகூடத் தடுமாறாமல் சொல்லும் ஒன்றைத் தொடாதே என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். தொடுங்கள். 'டாக்டர் வருவதற்குள் நோயாளிக்கு இரண்டு தடவை வலிப்பு வந்திருந்தது' என்று சொல்ல வேண்டுமானால் 'ஹேட் ஹேட் டூ ஃபிட்ஸ்' என்றே தைரியமாகச் சொல்லுங்கள்.

இதை நான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்துவிட்டேன். ஆங்கிலத்தில் வீடு வைத்திருப்பதற்கும் 'ஹேவ்', காசியைப் பார்த்திருப்பதற்கும் 'ஹேவ்'. பழைய ஆங்கிலத்தில் 'எழுதி முடித்த கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது' என்ற மாதிரியான அமைப்புதான் மெல்ல மெல்ல 'கடிதத்தை எழுதியிருக்கிறேன்' என்று ஆனது. செய்து முடித்த காரியத்தையும் கைப்பொருளாக எண்ணிய மொழி அது. தமிழில் இரண்டுக்கும் 'இரு'. எனக்கு வீடு இருக்கிறது, காசியைப் பார்த்திருக்கிறேன். 'உண்டு' என்பதும் அப்படியே: வீடு உண்டு, காசிக்குப் போனதுண்டு. அவர்களுக்கு அனுபவம் ஓர் உடைமை. நமக்கு அது ஓர் இருப்பு. ஆங்கிலத்திலும் வருவது, போவது, எழுவது போன்ற வினைகளுக்கு ஒரு காலத்தில் 'இரு'தான் துணை நின்றது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இயேசு உயிர்த்தெழுந்த செய்தி 'ஹீ இஸ் ரிசன்' (He is risen) என்றுதான் இருக்கிறது.

சரி, தமிழ் உங்களை எங்கே இடறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். "மாமா நேற்றே வந்திருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை" என்கிறோம். நம் 'இருக்கிறார்' நேற்றோடு ஒத்துப்போகும். ஆங்கில 'ஹேவ்' ஒத்துப்போகாது. தேதியோ வருடமோ சொல்லிவிட்டால் 'ஹேவ்' விலகிக்கொள்ளும். 'ஹேவ் யூ எவர் ஹேட் ஜாண்டிஸ்' என்று நீங்கள் கேட்கலாம். வாழ்நாளில் எப்போதாவது வந்ததுண்டா என்று பொருள். நோயாளி 'யெஸ், ஐ ஹேட் ஜாண்டிஸ் இன் 2015' என்பார். வருடம் வந்த இடத்தில் வெறும் 'ஹேட்' போதும். நம் ஆட்கள் அங்கேயும் 'ஹேவ் ஹேட்' போடுகிறார்கள். தேர்வில் இந்த ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்.

உதாரணம் தேடியபோது எனக்கு மஞ்சள் காமாலைதான் முதலில் வந்து நின்றது. என் தம்பி 1974இல் அதில்தான் போனான். ஒன்பது வயது.

1983இல் சென்னையில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஓர் அக்கா என்று சொல்லிவிட்டு, 'ஐ வாஸ் ஹேவிங் ஒன் யங்கர் பிரதர்' என்றேன். நடுவில் இருந்தவர் சிரித்தார். "ஹேட்" என்றார். "ஐ ஹேட். திருப்பிச் சொல்லு." சொன்னேன். அவர் திருத்தியது சரிதான். சாப்பிடுவது, குளிப்பது என்ற பொருளில் 'ஹேவிங்' வரும், உடைமைப் பொருளில் வராது. ஆனால் சிரித்தாரே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு பையன் 'வாஸ்' என்று இறந்தகாலத்தில் தன் தம்பியைச் சொல்கிறான் என்பது அவர் காதில் விழவே இல்லை. உங்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறவர்கள் சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள் அம்மா. வேறு இடம் கிடைக்கும்.

வீட்டில் அம்மாவின் இலக்கணம் வேறு. தம்பி போய்ச் சில வருடம் கழித்துக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளைகள் என்றதும் அம்மா, "எனக்கு மூணு பிள்ளைங்க" என்றாள். மூன்றாவது என்ன படிக்கிறான் என்று கேட்டார். "அவன் இல்லை" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் ரப்பரால் மூன்றை அழித்து, காகிதத்தில் சேர்ந்த துகளை ஊதிவிட்டு, இரண்டு என்று எழுதினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் மூன்றுதான். 'எனக்கு மூணு பிள்ளைங்க' என்ற வாக்கியத்தில் வினையே இல்லை. வினை இருந்தால்தானே காலம் காட்டும்?

புறநானூற்றின் 112ஆம் பாட்டை உங்களுக்குப் பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். பாரியின் மகள்கள் பாடியது. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில் எந்தையும் உடையேம்.' அந்த நிலா நாளில் எங்களுக்கு அப்பா இருந்தார் என்று பொருள் சொல்கிறோம். ஆனால் 'உடையேம்' என்ற சொல்லில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? கிடையாது. அது குறிப்பு வினைமுற்று, அதாவது காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினைமுற்று. இன்றைக்கு உயிரோடு இருக்கும் அப்பாவைச் சொல்லவும் அதே சொல்தான். 'அற்றைத் திங்கள்' என்ற இரண்டு சொற்கள்தான் அதை நேற்றைக்குக் கொண்டுபோகின்றன. கடைசியில் வரும் 'இலமே' என்பதிலும் கால உருபு இல்லை. அந்தப் பாட்டின் வினைமுற்றுகளில் இறந்தகாலம் காட்டுவது ஒன்றே ஒன்று: 'கொண்டார்'. வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள். பிடுங்கியவர்களின் செயலுக்குக் காலம் இருக்கிறது; அப்பா இருந்ததற்கு இல்லை. ஆங்கிலத்தில் இதைச் சொல்லப் போனால் 'வீ ஹேட் அவர் ஃபாதர்' என்று 'ஹேட்' போட்டே ஆகவேண்டும். போட்ட உடனே அவர் போய்விட்டார் என்று தெரிந்துவிடும். நேர்காணல் முடிந்து பஸ்ஸில் வரும்போது 'ஐ ஹேட்', 'ஐ ஹேட்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அன்றைக்குத்தான் ஆங்கிலத்தின் இறந்தகாலம் புரிந்தது.

தமிழ் படிப்பதை நிறுத்த வேண்டாம். அதை நிறுத்தினால் ஆங்கிலத்தை எதோடு ஒப்பிட்டுப் படிப்பீர்கள்? ஒரு நோட்டில் 'இருந்திருந்தால்' என்று வரும்படி பத்து வாக்கியம் எழுதுங்கள், வார்டில் காதில் விழுந்ததாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். முதல் வாக்கியம் நான் தருகிறேன்: 'தம்பி இருந்திருந்தால் இந்த ஆவணியில் அவனுக்கு அறுபது முடிந்திருக்கும்.' இதற்கு 'ஹேட் ஹேட்' பொருந்துமா, 'ஹேட் லிவ்ட்' என்று வர வேண்டுமா என்பதை நீங்களே யோசித்து எழுதுங்கள்.