டிரான்ஸ்பார்மர் பிழைத்தால் ஆம்ப் பிழைக்கும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சான்சுயி ஏயூ-717 ஆம்ப்ளிஃபயர் பல வருஷமாகப் பரணில் கிடக்கிறது. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் மூடியைக் கழற்றித் தூசியை எடுங்கள். அக்காலச் சான்சுயி போர்டுகளில் பெரிய கெபாசிட்டர்கள் அசையாமலிருக்க ஒரு பசை போட்டிருப்பார்கள். வருஷக்கணக்கான சூட்டில் அது பழுப்பேறிக் கறுக்கும். கறுத்த பசை மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்திலுள்ள ரெசிஸ்டர், டையோடு கால்களையும் அரிக்கும். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கால் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும் பாகங்களை மாற்றிவிடுங்கள். இதை விட்டுவிட்டு வேறு எதைச் செய்தாலும் பழுது திரும்ப வரும்.

அடுத்து சீரீஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பை ஃபேஸ் ஒயரில் ஆம்போடு தொடராக இணையுங்கள். இழை உள்ள பல்புதான் வேண்டும், எல்இடி பயன்படாது. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, வால்யூமைக் குறைத்து, சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து ஓரிரு விநாடியில் மங்கினால், கெபாசிட்டர்கள் சார்ஜ் ஏறிவிட்டன என்று பொருள். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் அல்லது ரெக்டிஃபயர். பல்பு இல்லாவிட்டால் அந்தக் கரண்ட் முழுதும் டிரான்ஸ்பார்மரைச் சுட்டிருக்கும். டிரான்சிஸ்டருக்கு மாற்று கிடைக்கும். அந்த டிரான்ஸ்பார்மருக்குக் கிடைப்பது மிக அரிது.

பல்பில் தேறியபின் நேரடி மின்சாரம். பாதுகாப்பு ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) 'டக்' என்று ஒட்டியதும் ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி (நேர்மின்) அளவு எடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்க வேண்டாம். பயாஸை (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட்) ஆம்ப் நன்றாகச் சூடேறிய பிறகு சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு வையுங்கள். சீரீஸ் பல்பு இருக்கும்போது பயாஸைக் கூட்டிக் குறைக்கும் டிரிம்மரை (சிறு திருகு) திருப்பவே கூடாது. குறைந்த வோல்டேஜில் வைத்த பயாஸ், முழு மின்சாரத்தில் எகிறிவிடும்.

கேள்வி: என் மராண்ட்ஸ் 2270 ரிசீவரில் ஒரு பக்கம் சத்தம் திடீரென்று அடங்குகிறது. வால்யூமைக் கூட்டினால் திரும்ப வருகிறது.
– வாசகர், மதுரை

பதில்: ஸ்பீக்கர் ரிலேயின் காண்டாக்ட்டில் கறை படிந்திருக்கும். சிறு சிக்னல் அதைத் தாண்டாது, பெரிய சிக்னல் தாண்டிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சில மாதம் ஓடும். அதே காயில் (கம்பிச்சுருள்) வோல்டேஜ் உள்ள புது ரிலே போடுவதே சரி. ரிலேயை மாற்றியும் போகவில்லையென்றால், எதிலிருந்து பாட்டு வர வேண்டும் என்று தேரும் செலக்டர், டேப் மானிட்டர் சுவிட்சுகளுக்குக் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்பிவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் ஆம்பை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாமா?
– வாசகர், கோவை

பதில்: ஓட்டலாம். லேபிளில் 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் கவலையில்லை. வெறும் 60 என்றிருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் இரும்புக் கோர் நிரம்பி உறுமும், சூடேறும். அதற்கு 120-க்குப் பதில் கிட்டத்தட்ட 100 வோல்ட் கொடுங்கள். ஜப்பானின் 100 வோல்ட் செட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் இரண்டுக்கும் தாங்கும்படி செய்தார்கள். ஆம்ப் 300 வாட் இழுத்தால் ஸ்டெப்-டவுன் 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) இருக்கட்டும்.

வோல்டேஜ் செலக்டர் உள்ள செட் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். 220-இல் வைத்துவிட்டு வீட்டில் 245 வோல்ட் வந்தால், வால்வு ஆம்பில் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். வால்வின் ஆயுள் குறையும். 240-இல் வையுங்கள்.

கேள்வி: குவாட் 2 வால்வு ஆம்ப் ஜோடியில் ஒன்றில் கேடி 66 வால்வின் தகடு சிவக்கிறது. வால்வு போய்விட்டதா?
– வாசகர், கொழும்பு

பதில்: சிவப்பைக் கண்ட உடனே அணையுங்கள். ஆறியபின் அந்த ஆம்பின் இரண்டு கேடி 66-ஐயும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி, ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு பழுது. அதே சாக்கெட்டில் நின்றால் கப்ளிங் கெபாசிட்டர் (டிசியைத் தடுத்து சிக்னலை மட்டும் வால்வுக்கு விடுவது) கசிகிறது. 1953-இல் வந்த வடிவமைப்பு இது. உள்ளே இருப்பது மூல 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் என்றால், அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கிரிட் ரெசிஸ்டர் 680 கிலோ ஓம் என்பதால் 3 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே கிரிட் இருக்கும் 5-ஆம் பின்னில் 2 வோல்ட் பாசிட்டிவ் ஏறிவிடும். அங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். இரண்டு கெபாசிட்டரையும் சேர்த்து, 630 வோல்ட் பாலிப்ரோப்பைலீனாக மாற்றுங்கள்.

அத்தோடு 180 ஓம் கேதோடு ரெசிஸ்டரையும் பாருங்கள். இரண்டு வால்வுக்கும் அது ஒன்றுதான். அதில் 26 வோல்ட் நிற்க வேண்டும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 3.75 வாட் சூடு. மூல ரெசிஸ்டர் 3 வாட்தான். 10 வாட் ஒயர்வவுண்ட் போடுங்கள், பக்கத்து 25 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் புதிதாக்குங்கள். உள்ளே கை வைக்கும் முன் 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் கெபாசிட்டர்களின் சார்ஜை இறக்கி, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்துவிடுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

கேள்வி: எல்லா கெபாசிட்டரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: சிறிய எலக்ட்ரோலைட்டிக்குகளை மாற்றலாம். ஃபிலிம் வகையில், டிரான்சிஸ்டர் செட்டானால், கை வைக்க வேண்டாம். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்களை அளந்து, கொள்ளளவு குறைந்திருந்தாலோ 100 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தாலோ மட்டும் மாற்றுங்கள். ஒரு சேனலை முடித்து, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள். தப்பாகப் போனால் ஒப்பிட்டுப் பார்க்க மறு சேனல் அப்படியே இருக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டரோ எஸ்டிகே என்ற பவர் ஆம்ப் ஐசியோ மாற்ற நேர்ந்தால், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். போலிகள் ஏராளம், முதல் உரத்த பாட்டிலேயே போய்விடும்.