மஞ்சளாக இருந்த வெள்ளிக் கரைசல் நீலமானது ஏன்?

கேள்வி: சோடியம் போரோஹைட்ரைடும் சிட்ரேட்டும் சேர்த்து நான் தயாரித்த வெள்ளி நானோ துகள் கரைசல் இளமஞ்சளாக இருந்தது. ஆய்வக மேசைமேல் கண்ணாடிக் குப்பியில் வைத்திருந்தேன். சில நாள்களில் பச்சையாகி, இப்போது நீலமாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: அடியில் கசடு இல்லாமல் நீலம் தெளிவாக இருந்தால் கெடவில்லை, துகள்களின் வடிவம் மாறியிருக்கிறது, மாற்றியது பெரும்பாலும் அறையின் விளக்கொளிதான்.

சில நானோமீட்டர் விட்டமுள்ள வெள்ளி உருண்டைகளின் கட்டற்ற எலெக்ட்ரான்கள் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை உட்கவர்வதால் கரைசல் மஞ்சளாகத் தெரிகிறது. ஒளி படப்பட, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சிட்ரேட் தன் எலெக்ட்ரான்களை உலோகத்துக்குக் கொடுக்கிறது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் சிறு துகள்களை அரித்து வெள்ளி அயனிகளாக்க, அந்த அயனிகள் அதே எலெக்ட்ரான்களைப் பெற்று முக்கோணத் தகடுகளாகப் படிந்து வளர்கின்றன. தகடுகள் சிவப்பு ஒளியை உட்கவர்வதால் நீலம் தெரிகிறது. இடையில் நீங்கள் பார்த்த பச்சை, மிஞ்சிய மஞ்சள் உருண்டைகளும் புதிய நீலத் தகடுகளும் ஒரே குப்பியில் கலந்திருந்ததன் விளைவாகவே இருக்கும். 2001இல் அமெரிக்க வேதியியலாளர் சாட் மிர்கினின் குழுவினர் சாதாரண ஃப்ளோரசன்ட் விளக்கொளியிலேயே இதைச் செய்துகாட்டினர். உங்கள் மேசையில் அது கேட்காமலே நடந்திருக்கிறது.

உறுதிசெய்ய, எந்த அலைநீள ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்று அளக்கும் நிறமாலைமானியில் வைத்துப் பாருங்கள். 400 நானோமீட்டரில் இருந்த உட்கவர்தல் முகடு தணிந்து, 600க்கு மேல் புதிய முகடும் 335 அருகே சிறிய கூர்முகடும் தெரிந்தால் அவை தகடுகளே. அந்தச் சிறு முகட்டைத்தான் நான் முதலில் தேடுவேன். மாறாக, கரைசல் சாம்பல் நிறமாகி, முகடு அகன்று நீண்ட வால் விட்டிருந்தால் துகள்கள் திரண்டுவிட்டன என்று பொருள். குழாய்நீரின் உப்பு பட்டாலே அப்படி ஆகும்.

இருட்டில் வைத்தால் மஞ்சள் திரும்புமா என்று காத்திருக்க வேண்டாம். டைட்டானியம் டைஆக்சைடு போன்ற குறைக்கடத்தி நானோ துகள்களில், புறஊதா ஒளியால் சிக்கிக்கொண்ட எலெக்ட்ரான்கள் தரும் நீலம் காற்று பட்டதும் மறைந்துவிடும். அங்கே வடிவம் மாறுவதில்லை. வெள்ளியிலோ துகளே வேறொன்றாகிவிட்டது.

அடுத்த முறை தயாரித்தவுடன் கரைசலை இரண்டு குப்பிகளாகப் பிரித்து, ஒன்றை அலுமினியத் தாளால் முழுவதும் சுற்றி 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். மற்றதை அதே மேசையில் விடுங்கள். மேசையிலுள்ளது மட்டும் நீலமானால், காரணம் உங்கள் வேதிப்பொருள்கள் அல்ல. ஆனால் வெப்பநிலையின் பங்கையும் விலக்க, மேசையிலேயே தாள் சுற்றிய மூன்றாவது குப்பி ஒன்றும் தேவைப்படும்.