கரும்புச் சோகை கிழித்த கண்ணில் பூச்சாறு விடலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் கரும்பு வெட்டும்போது அப்பாவின் கண்ணில் சோகை (கரும்பு இலை) கிழித்து நான்கு நாள் ஆகிறது. பாட்டி நந்தியாவட்டைப் பூச்சாறு விடுகிறார். கருவிழியில் சின்னதாக வெள்ளை தெரிகிறது. பூ விழுந்துவிடுமா? விளக்கெண்ணெய், பொன்னாங்கண்ணி உதவுமா? எனக்கும் அடிக்கடி இமை துடிக்கிறது.

பதில்: இமைத் துடிப்பை விடுங்கள். தூக்கம் கெட்டாலும் காபி கூடினாலும் துடிக்கும், தானே அடங்கும். அப்பாவை இன்றே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டர்தான். சோகையோ நெல் உமியோ கீறினால், செடியில் ஒட்டியிருக்கும் பூஞ்சை அந்தக் கீறல் வழியாக உள்ளே இறங்கும். முதல் சில நாள் வெறும் உறுத்தல்தான். பிறகு ஓரம் இறகுபோலப் பிசிறிய வெள்ளைப் புள்ளி தெரியும், வெளிச்சம் பார்த்தால் கூசும், பார்வை மங்கும். புண் பெரிதாக இருந்தும் வலி கம்மியாக இருக்கலாம் என்பதால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கருவிழியில் வெள்ளை தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவர் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். பூஞ்சை என்றால் 5% நாடாமைசின் சொட்டு மருந்து, தொடக்கத்தில் மணிக்கொரு முறை, வாரக்கணக்கில். ஆழம் போவதற்குள் பிடித்தால், நீங்கள் கேட்ட 'பூ', அதாவது வெள்ளைத் தழும்பு, சிறிதாக நிற்கும். விட்டால் புண் ஓட்டையாகி, கருவிழி மாற்று அறுவைவரை போகும்.

நந்தியாவட்டைச் சாற்றுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டென்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதற்காக, கையால் கசக்கிப் பிழிந்த சாறு மருந்தாகிவிடாது. பூவிலும் விரலிலும் உள்ள கிருமி நேராகப் புண்ணுக்குள் போகிறது. கண் வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளில் விளக்கெண்ணெய் சேர்கிறது, ஆனால் அது சுத்திகரித்து, கிருமி நீக்கியது. செக்கெண்ணெய் அல்ல. பொன்னாங்கண்ணியைப் பொரியல் செய்து சாப்பிடுங்கள், கண்ணில் பிழிய வேண்டாம்.

பூச்சாற்றைவிட எனக்குக் கோபம் வருவது மெடிக்கலில் கேட்டு வாங்கும் 'சிவப்புக்கான சொட்டு மருந்து'மேல்தான். பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் சிவப்பு குறையும், அடியில் பூஞ்சை வேகமாகப் பரவும். கண்ணைத் தேய்க்காதீர்கள், பஞ்சு வைத்துக் கட்டாதீர்கள். வேறு சொட்டு மருந்து எதுவும் விட்டிருந்தால் அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். பூச்சாறு விட்டதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பாட்டியை அவர் திட்டமாட்டார்.