சென்டர் பேரிங் மாற்றியும் உதறல் நிற்கவில்லையா?

அண்ணா, லோடோடு முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் கேபினுக்கடியில் உதறுகிறது, ஷாஃப்ட்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு இழுப்பைக் கொண்டுபோகும் நீளத் தண்டு) நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கைப் புதுசாகப் போட்டும் ரெண்டே மாசத்தில் திரும்ப வந்துவிட்டது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் பேரிங் மேல் இல்லை, அதைச் சுற்றியுள்ள ரப்பர் மேல். ரப்பர் தொய்ந்தால் ஷாஃப்ட் இறங்கி கிராஸ் (ஷாஃப்ட் மடங்கிச் சுழல உதவும் மூட்டு) கோணம் கெடும், கிளம்பும் இழுப்பில் உதறும். வேகம் கூடக்கூட ஊளைச் சத்தம் ஏறினால்தான் பேரிங். பேரிங்கைப் பிடிக்கும் பிராக்கெட், ரப்பரோடு முழு செட்டாக வாங்குங்கள்.

முதலில் வீலுக்குக் கட்டை கொடுங்கள். ஷாஃப்ட் கழன்றதும் கியர் வண்டியைப் பிடிக்காது. கழற்றும் முன் ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), ஸ்ப்லைன் (ஷாஃப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வெட்டிய பகுதி) எல்லாவற்றிலும் பெயின்ட்டால் நேர்க்கோடு போடுங்கள். ஸ்ப்லைன் ஒரு பல் மாறினாலும் இரு பக்க யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒன்றுக்கொன்று நேர் தவறும், பிறகு எந்தப் பேரிங் போட்டாலும் தங்காது. பிராக்கெட்டுக்கும் கிராஸ் மெம்பருக்கும் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) நடுவே தகடு இருந்தால் அதே இடத்தில் திருப்பி வையுங்கள். பழைய வாஷர் என்று பட்டறையில் தூக்கி எறிந்துவிடுவார்கள், கோணத்தைப் பிடித்திருப்பதே அதுதான்.

பேரிங்கை வெளி வளையத்தில் அடிக்கவே கூடாது; உள் வளையத்தில் குழாய் வைத்து இறக்குங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றி, பிராக்கெட் சாயாமல் நிற்பதைப் பார்த்த பிறகே போல்ட்டை முழுசாக இறுக்குங்கள். ஸ்ப்லைனில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றாமல் லோடு ஏற்றாதீர்கள்.