செனட் தடுத்த பதவி உயர்வு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அமெரிக்க விமானப்படையில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தார் என்று அண்மையில் படித்தேன். புகழுக்காகக் கொடுத்த அலங்காரப் பதவிதானே அது? 1957-இல் செனட்டே அவரை நிராகரித்ததாமே? வியட்நாமிலும் குண்டு வீசினாரா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வியட்நாமுக்கு ஒரு வரி போதும்: 1966-இல் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்தில் பார்வையாளராகச் சென்றுவந்தார்.

வீரம் காட்டிய ஒருவரின் தகுதியைக் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பதாகுமா என்று சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அங்கேதான் கை வைத்தது. 1957-இல் அந்தப் பதவி உயர்வை எதிர்த்தவர், விமானப்படை ரிசர்வில் (தேவைப்படும்போது அழைக்கப்படும் துணைப்படையில்) தாமே லெப்டினன்ட் கர்னலாக இருந்த செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித். அவர், ஸ்டூவர்ட்டின் போர்க்காலச் சாதனையில் குறை காணவில்லை; போர் முடிந்தபின் ஸ்டூவர்ட் பெற்ற ரிசர்வ் பயிற்சி, அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த உயர் பொறுப்புக்குப் போதாது என்றார். 1959-இல் அப்பொறுப்பு தகவல் பிரிவுக்கு மாற்றப்பட்ட பிறகே பதவி உயர்வு கிடைத்தது. புகழுக்காக அள்ளிக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு ஆண்டுகள் எதற்காகக் காக்க வைத்தார்கள்? இதைக்கூட எண்ணிப் பாராமல் எழுதிவிட்டீர்களே!

ஆஸ்கார் பெற்ற சில வாரங்களில், 1941 மார்ச்சில், சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் அவர். பயிற்சியாளராகவே உள்நாட்டில் நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி, கேட்டுப் போராடி, 1943-இன் இறுதியில் இங்கிலாந்தின் டிபன்ஹாம் தளத்துக்குப் போனார். 1944 ஜனவரி 7 அன்று ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரைத் தாக்கித் திரும்பும்போது, முன்னே சென்ற படைப்பிரிவு திசை தவறியது. ஸ்டூவர்ட் வானொலியில் எச்சரித்தார். தலைமை விமானம் ஏற்கவில்லை. தம் விமானங்களைச் சரியான வழியில் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர்கள் ஓட்டிய லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களுக்கு நெருங்கிய அணிவகுப்பே காவல். ஒன்றன் துப்பாக்கிகள் மற்றொன்றைக் காக்கும். பிரிந்தால் முன்னே போனவர்கள் தனியாக மாட்டுவார்கள் என்பதால், தவறென்று தெரிந்த பாதையிலேயே அவர்களைத் தொடர்ந்தார். ஜெர்மன் போர் விமானங்கள் பாய்ந்து அந்தத் தலைமை விமானத்தை வீழ்த்தின. உடன் நின்றதற்காகப் பின்னர் அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

சரியான வழியை அறிந்திருப்பது ஒரு தகுதி. தவறிப் போகிறவர்களைக் கைவிடாதிருப்பது அதனினும் அரிய தகுதி. அன்று அந்த முடிவை எடுத்தவரை மனமார வணங்குகிறேன்; அவரையும் மற்ற அதிகாரிகளை அளக்கும் கோலாலேயே அளந்த ஸ்மித்தையும் அதே அளவு மதிக்கிறேன். இரண்டுக்கும் இடமில்லாத மனம் ஒன்று வழிபடும், இல்லையென்றால் ஏளனம் செய்யும். உங்கள் கடிதத்தில் இரண்டாவது தெரிகிறது. நீங்கள் இளைஞர் என்று நினைக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இன்னொன்று. போரிலிருந்து திரும்பிய ஸ்டூவர்ட், தம் படங்களின் விளம்பரத்தில் தமது போர்ச்சேவையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை வைத்தார். அலங்காரம் தேடியவர் செய்யும் காரியமா இது?